ஏட்டிலேயே நின்றுபோன குடும்ப மருத்துவர்

புது தில்லி: தலைநகரின் அன்சாரி நகரில், அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) வாயிலை ஒட்டிய நடைபாதையில், மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் ஒரு சிற்றூரே குடியிருக்கிறது. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலின் பொதுப் பெட்டியில் வந்திறங்கியவர்கள், எக்ஸ்ரே உறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த பரிசோதனைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இவர்களில் உயர் சிறப்புச் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படுவோர் பலர். ஆனால், வீட்டுக்கு அருகிலேயே, குடும்பத்தை அறிந்த மருத்துவர் ஒருவர் இருந்திருந்தால் தில்லிக்கு ரயில் ஏறியிருக்கத் தேவையில்லாதவர்களும் அந்த நடைபாதையில் உண்டு. காய்ச்சல் தொடங்கியபோது கிராமத்தில் ஊசி போட்டவர் ஒருவர். சந்தை ஊரில் மாத்திரையை மாற்றியவர் இன்னொருவர். மாவட்டத் தலைநகரில் ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் மூன்றாமவர். நோயாளி கையில் வைத்திருக்கும் கோப்பில் பரிசோதனை முடிவுகள் அனைத்தும் இருக்கும். அவர் என்ன வேலை செய்கிறார், நாளுக்கு எத்தனை வேளை உண்கிறார், ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்ற விவரம் மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது.

அருகில் ஒரு மருத்துவர் இல்லாததும், நோயின் சமூகக் காரணத்தை எவரும் கேட்காததும் தனித்தனிக் குறைகள் அல்ல. ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருபவருக்குத்தான் அந்த வீட்டின் வறுமையும் கடனும் சண்டையும் தெரியும். ஒருமுறை பார்த்து அனுப்பும் நிபுணருக்கு உறுப்பு தெரியும், வீடு தெரியாது. இந்த உண்மை இந்திய அரசுக்குப் புதிதும் அல்ல. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே அது அரசு அறிக்கையில் அச்சேறிவிட்டது.

1946-ம் ஆண்டின் கனவு

1943-ம் ஆண்டு அமைக்கப்பட்ட சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, 1946-ம் ஆண்டு தனது அறிக்கையை அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும், பின்னாளில் மேற்கு வங்க முதல்வரான டாக்டர் பி.சி. ராயும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர். பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவ வசதி மறுக்கப்படக்கூடாது என்பது அந்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கை. மோசமான குடியிருப்பு, சத்தற்ற உணவு, தூய்மையற்ற குடிநீர், கல்வியின்மை, வேலையின்மை ஆகியவற்றை நோயின் வேர்களாக அது அடையாளம் காட்டியது. எதிர்கால இந்திய மருத்துவர் ஒரு 'சமூக மருத்துவராக' விளங்க வேண்டும்; அதற்காக மருத்துவ மாணவருக்கு நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவத்தில் 3 மாதப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அதே அறிக்கையின் இன்னொரு பரிந்துரை வேறு விளைவை உண்டாக்கியது. நாடு முழுவதும் ஒரே தரமுள்ள பட்டம் பெற்ற மருத்துவரே இருக்க வேண்டும் என்று குழு கருதியது. அதன்படி எல்.எம்.பி. போன்ற சான்றிதழ்ப் படிப்புகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் மூன்று தலைமுறைகளின் நாடியைப் பிடித்துப் பார்த்த குடும்ப வைத்தியர்களில் பெரும் பகுதியினர் இந்த எல்.எம்.பி. மருத்துவர்கள்தான். தரத்தை உயர்த்தும் நல்ல நோக்கத்துடன் ஒரு கதவு அடைக்கப்பட்டது. அவர்களது இடத்துக்கு வர வேண்டிய 'சமூக மருத்துவர்' மட்டும் வரவில்லை.

1952-ம் ஆண்டு சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கப்பட்டன. மருத்துவக் கல்வி மக்களின் தேவையிலிருந்து விலகி நிற்கிறது என்று 1975-ம் ஆண்டு ஸ்ரீவாஸ்தவ் குழு சுட்டிக்காட்டியது. மருத்துவக் கல்லூரிகளை கிராமங்களுடன் இணைக்கும் திட்டம் 1977-ம் ஆண்டு வந்தது. மறு ஆண்டே அல்மா-அட்டா மாநாட்டில் 'அனைவருக்கும் நல்வாழ்வு' என்ற உறுதிமொழியை இந்தியாவும் ஏற்றது. 1983, 2002, 2017 என மூன்று தேசிய சுகாதாரக் கொள்கைகள் வெளியாயின. அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு மாணவர் இன்றும் மருத்துவராக உருவாவது, பெரிய மருத்துவமனையின் படுக்கை வரிசைக்கு நடுவே, துறை வல்லுநர்களின் கையில்தான்.

அரிசியும் பருப்பும் மருந்தாகும்போது

சமூகக் காரணம் என்பது மேடைப் பேச்சுக்கான சொல் அல்ல, அதை அளந்து காட்ட முடியும் என்பதற்கு ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வே சான்று. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இலவசம். இருந்தும் நோய் ஏன் குறையவில்லை என்ற கேள்வியுடன், டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் தலைமையிலான குழு, சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து 2019-ம் ஆண்டு முதல் 'ராஷன்ஸ்' என்ற ஆய்வை மேற்கொண்டது. முடிவுகள் 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வெளியாயின.

ஆய்வில் 2,800 நோயாளிகளும், அவர்களது வீடுகளில் உடன் வாழ்ந்த 10,345 பேரும் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொட்டலம் வழங்கப்பட்டது. குடும்பத்தினரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம் பருப்பும், அவற்றுடன் சத்து மாத்திரைகளும் கூடுதலாக அளிக்கப்பட்டன. அந்தக் கூடுதல் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் தாக்குவது 39 சதவீதம் குறைந்தது. ஆய்வகச் சோதனையில் உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது.

சிகிச்சை தொடங்கியபோது நோயாளிகளில் ஐவரில் நால்வர் எடை குறைந்தவர்களாக இருந்தனர் என்பதும், முதல் இரு மாதங்களில் எடை கூடியவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்தது என்பதும் அதே ஆய்வின் கண்டுபிடிப்புகள். நோயைத் தருவது கிருமி. அதற்கு உடலைத் திறந்துவிடுவது பசி. மருந்துச் சீட்டில் முதலாவதை எழுத இடம் உண்டு. இரண்டாவதை எழுத இடமில்லை.

காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ம் ஆண்டு தொடங்கியது. 2024-ம் ஆண்டு நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்க உயர்வுதான். எனினும் 2025-ம் ஆண்டுக்குள் காசநோயை ஒழிப்பது என்று அறிவிக்கப்பட்ட இலக்கு எட்டப்படவில்லை.

'என்ன வேலை பார்க்கிறீர்கள்?'

நோயாளியிடம் அவரது தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-ம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். அந்தக் கேள்வி கேட்கப்படாததற்கு மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா மாவட்டப் பழங்குடியினர் கொடுத்த விலை மிகப் பெரியது.

மழை பொய்த்து, விளைச்சல் குன்றிய காலங்களில் இம்மக்கள் குஜராத்தின் கோத்ரா பகுதிக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். அங்கே வெண்கற்களை மாவாக அரைக்கும் ஆலைகளில், தூசியை வடிகட்டும் வசதியின்றி வேலை செய்தனர். சில மாதங்கள் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள், மூச்சுத்திணறலுடன் ஊர் திரும்பினர். 'சிலிகோசிஸ்' எனப்படும் இந்த நுரையீரல் நோய், எக்ஸ்ரே படத்தில் காசநோயைப் போலவே தோற்றம் தரும். பலருக்குக் காசநோய் மருந்தே கொடுக்கப்பட்டது. மருந்து வேலை செய்யவில்லை. சிலிகோசிஸுக்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அதைத் தடுக்க மட்டுமே முடியும். ஒரே ஊரைச் சேர்ந்த இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்தனர்.

பாதிக்கப்பட்டோர் சங்கமாகத் திரண்டு போராடியதன் விளைவாக, விவகாரம் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ம் ஆண்டு மே மாதம் உத்தரவிட்டது. கல்குவாரிகள் நிறைந்த ராஜஸ்தான், 2019-ம் ஆண்டு சிலிகோசிஸ் நோயாளிகளுக்கென்று தனிக் கொள்கையையே அறிவித்தது.

இதில் சட்டம் மௌனமாக இருந்தது என்று கூற இயலாது. தொழில்வழி நோயைக் கண்டறியும் மருத்துவர் அதைத் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 89-வது பிரிவில் விதித்திருந்தது. 2020-ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டமும் இக்கடமையைக் கைவிடவில்லை. ஆனால், தொழிலைக் கேட்காத மருத்துவர் தொழில்வழி நோயை எங்ஙனம் கண்டறிவார்? கண்டறியாத நோயை யாரிடம் தெரிவிப்பார்?

விதிவிலக்காய் நின்றவர்கள்

கேட்கத் துணிந்த மருத்துவர்களும் இந்த நாட்டில் இருந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபல் ஆரோளே தம்பதியர், 1970-ம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதியான ஜாம்கேடில் பணியைத் தொடங்கினர். அங்கு மக்கள் முதலில் வேண்டியது தண்ணீரும் உணவும்தான் என்பதை உணர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்தனர். அப்பணி 1979-ம் ஆண்டு மகசேசே விருதைப் பெற்றது.

சத்தீஸ்கரின் தல்லி-ராஜ்ஹராவில் கதை வேறு விதமானது. பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது வெட்டித் தந்த சுரங்கத் தொழிலாளர்கள், சங்கர் குஹா நியோகி தலைமையில் சங்கம் அமைத்தனர். 1977-ம் ஆண்டு ஜூனில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் பலியாயினர். அவர்களது நினைவாகத் தொழிலாளர்கள் தங்கள் பணத்திலும் உழைப்பிலும் கட்டிய 'ஷஹீத் மருத்துவமனை', 1983-ம் ஆண்டு ஜூன் 3-ம் தேதி திறக்கப்பட்டது. கூலி உயர்வுக்காகப் போராடிய அதே சங்கம், உயர்ந்த கூலி சாராயக் கடைக்குப் போய்விடாமல் இருக்க மதுவிலக்கு இயக்கத்தையும் நடத்தியது. நோய்க்கும் கூலிக்கும் உள்ள உறவை அந்தத் தொழிலாளர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அங்கு பணியாற்றியவர்களுள் ஒருவர், வேலூரில் பயின்ற குழந்தை மருத்துவர் பினாயக் சென். உடல் நிறைக் குறியீடு 18.5-க்குக் கீழ் உள்ளவர்கள் 40 சதவீதத்தைத் தாண்டினால், அந்தச் சமூகத்தைப் பஞ்சத்தில் வாடுவதாகவே கருத வேண்டும் என்று அவர் வாதிட்டு வந்தார். மனித உரிமைப் பணியிலும் ஈடுபட்டிருந்த அவர், மாவோயிஸ்டுகளுக்கு உதவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 2007-ம் ஆண்டு மே மாதம் கைது செய்யப்பட்டார். 2010-ம் ஆண்டு டிசம்பரில் ராய்ப்பூர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2011-ம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. நோயின் காரணத்தைத் தேடிச் செல்லும் மருத்துவர் எந்த எல்லைவரை சென்று நிற்க நேரிடும் என்ற விவாதத்தை அந்த வழக்கு நாடெங்கும் எழுப்பியது.

சட்டத்தில் உண்டு, வகுப்பறையில் இல்லை

ஒரு சில தியாகிகளின் மனவலிமையை நம்பி 140 கோடி மக்களின் சுகாதாரத்தை நடத்த முடியாது. விதிவிலக்கை விதியாக்குவது கல்வியின் பணி. அதற்கு வழிவகுப்பது நாடாளுமன்றத்தின் பணி.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் செயல்பாட்டை ஆராய்ந்த சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2016-ம் ஆண்டு மார்ச்சில் அளித்த 92-வது அறிக்கையில் இதைத் தெளிவாகவே கூறியது. அனைத்து மருத்துவக் கல்லூரிகளிலும் குடும்ப மருத்துவத் துறையைக் கொண்டுவர வேண்டும். வலுவான பட்ட மேற்படிப்புகளை மாநில அரசுகளுடன் இணைந்து மத்திய அரசு ஏற்படுத்த வேண்டும். இதனால் பெரிய மருத்துவமனைகளின் சுமை குறையும் என்பது குழுவின் கருத்து. கவுன்சிலைக் கலைத்துவிட்டு 2019-ம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் 'குடும்ப மருத்துவம்' என்ற சொல் இடம்பெற்றது. இளநிலைப் பாடத்திட்டம் அதன் தேவைகளை நிறைவு செய்ய வேண்டும் என்றும், பட்ட மேற்படிப்பு வாரியம் அத்துறையை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

நடைமுறை என்ன? 2014-ம் ஆண்டுக்கு முன்பு 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள், 2024-ம் ஆண்டில் 1 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்டின. ஆனால், குடும்ப மருத்துவம் இளநிலைப் படிப்பில் தனித் தேர்வுக்குரிய பாடமாக இல்லை. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற முன்னோடிகள் எம்.டி. படிப்பைத் தொடங்கியபோதிலும், மற்ற துறைகளோடு ஒப்பிட்டால் அந்த இடங்கள் சொற்பமே. தேர்வு எழுதி முன்னணி இடம் பெறுவோர் விரும்புவது கதிரியக்கத் துறையும் தோல் மருத்துவமும். எம்.பி.பி.எஸ். முடித்தவர் 'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்று குறிப்பிடப்படும் சமுதாயத்தில், குடும்ப மருத்துவராக நீடிப்பது தோல்வியின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது.

மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற திட்டத்தை தேசிய மருத்துவ ஆணையம் 2022-ம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. நல்ல தொடக்கம். அந்த மாணவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ரத்த அழுத்தம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வாரா, அந்த வீட்டில் புகையும் விறகு அடுப்பையும் குடும்ப அட்டை இல்லாததையும் குறித்துக்கொள்வாரா என்பது, அவருடன் செல்லும் ஆசிரியரைப் பொறுத்தது. அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் துறைதான் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை.

மருத்துவரால் மட்டும் முடியுமா?

வறுமையை ஒழிப்பது மருத்துவரின் வேலையா என்ற கேள்வி நியாயமானதே. நாளுக்கு நூறு பேரைப் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம், நோயாளியின் கூலியையும் குடிநீரையும் விசாரிக்கச் சொல்வது எளிது. அதற்கு நேரம் தருவது யார்? விசாரித்து அறிந்த பிறகு, கூலியை உயர்த்த அவருக்கு அதிகாரம் உண்டா?

சர் மைக்கேல் மார்மட் தலைமையில், அமர்த்தியா சென், 'சேவா' அமைப்பின் மிராய் சாட்டர்ஜி ஆகியோரும் அங்கம் வகித்த உலக சுகாதார அமைப்பின் ஆணையம், 2008-ம் ஆண்டு அளித்த அறிக்கையில் இதற்கு விடை கூறியது. நோயின் சமூகக் காரணங்களை மாற்றும் பொறுப்பு முழு அரசுக்கும் உரியது; சுகாதார அமைச்சகம் மட்டும் அதைச் சுமக்க முடியாது என்பதே அதன் சாரம். ஆனால், எங்கே பசி நோயாகிறது, எந்த ஆலையின் தூசி நுரையீரலை அடைக்கிறது என்பதை அரசுக்கு முதலில் அறிவிக்கக்கூடியவர் மருத்துவரே. அவர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. சாட்சி சொன்னால் போதும். சிலிகோசிஸ் என்று அவர் எழுதித் தரும் ஒரு வரி, இழப்பீட்டுக்கான ஆவணமாகிறது. எழுதாமல் விட்டால், அந்தத் தொழிலாளி வெறும் இருமல்காரராகவே இறந்துபோகிறார்.

மருத்துவ வசதி அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பதை, வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமமொன்றில் குடும்ப மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ம் ஆண்டு ஒரு விதியாகவே வகுத்தார். சந்தையின் போக்குக்கு விடப்படும் அளவுக்கு இந்த முரண் கூடும் என்பதும் அவர் கூறியதே. இந்தியாவில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் 2018-ம் ஆண்டின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பயன்தரும். புறநோயாளியாக ஒரு மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கும் செலவு அதில் சேராது. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது என்பது அரசின் கணக்கு. குறைந்த பிறகும் அது சிறிய பங்கு அல்ல. அரசின் சுகாதாரச் செலவை 2025-ம் ஆண்டுக்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவது என்று 2017-ம் ஆண்டின் கொள்கை உறுதியளித்தது. 2021-22-ல் அது 1.84 சதவீதமே.

மாநிலங்கள் தத்தம் வழியில் முயன்று பார்த்துள்ளன. கேரளம் 2017-ம் ஆண்டு 'ஆர்த்ரம்' இயக்கத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல்வாழ்வு மையங்களாக மாற்றத் தொடங்கியது. தமிழகம் 2021-ம் ஆண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம் சர்க்கரை நோய், ரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. தில்லியில் 2015-ம் ஆண்டு பீராகடியில் தொடங்கிய மொஹல்லா கிளினிக்குகள், 2025-ம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பின் மத்திய அரசின் ஆரோக்கிய மந்திர்களாக மாற்றப்படலாயின. ஆட்சி மாறும்போது பெயர்ப் பலகை மாறலாம். ஒரு குடும்பத்துக்குப் பழகிய மருத்துவர் மாறிக்கொண்டே இருந்தால், குடும்ப மருத்துவம் என்பதற்கே பொருளில்லை.

நாடாளுமன்றத்தில் தங்கள் தொகுதிக்கு எய்ம்ஸ் வேண்டும், மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் குரல் கொடுக்கிறார்கள். அது தேவையே. அந்தக் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறை உண்டா, அங்கு படித்து வெளிவருபவர் நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாரா என்பதையும் அவர்கள் அமைச்சரிடம் கேட்டால், லட்சுமணசாமி முதலியாரும் பி.சி. ராயும் இடம்பெற்ற குழு எழுதிவைத்த ஒரு வரிக்கு, ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பிறகாவது உயிர் கிடைக்கும். அதுவரை, அன்சாரி நகர் நடைபாதையில் போர்வை விரிப்பவர்களின் எண்ணிக்கை குறையப் போவதில்லை.